பூட்டுக்காரருடன் மைசூரில் ஒரு நாள்

மைசூர் நகரைப் பற்றி எழுதப் புகுவோர் அரண்மனை விளக்குகளிலே தொடங்கிச் சாமுண்டி மலையிலே முடிப்பது வழக்கம். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவ்விரண்டைப் பற்றியும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே சங்கத்து அன்பர்கள் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினேன். பின்னர், 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், தசரா முடிந்த மறுவாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஓர் உறவினரோடு இந்நகரைச் சுற்றிய நாள் நினைவுக்கு வந்தது. அவர் பூட்டுச் செய்யும் தொழிலாளர். அரண்மனையைக் காட்டினால் அதன் கதவைப் பார்த்தார். கதவைக் காட்டினால் அதிலே தொங்கிய பூட்டைப் பார்த்தார். அவர் கண்ணால் பார்த்த மைசூரையே இங்கு எழுதுகிறேன்.

அவர் எனக்குச் சிற்றப்பா மகன். என்னிலும் மூன்று வயது இளையவர். பிறந்தது முதல் 'அவன்' என்றே சொல்லி வந்த ஒருவரை அச்சிலே 'அவர்' என்று எழுதுவது எனக்கே பொருந்தாமல் இருக்கிறது. இனி 'அவன்' என்றே எழுதுகிறேன், படிப்போர் பொறுத்தருள்க.

தூத்துக்குடியிலிருந்து மைசூருக்கு வரும் விரைவு வண்டி இரவில் திண்டுக்கல்லைத் தொட்டு மறுநாட் காலை இங்கு வந்து சேர்கிறது. அதிலேதான் வந்தான். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பார்சல் அலுவலகத்தில் நான் இரவுப் பணி முடித்துப் புறப்படுந் தறுவாயில், தோளில் ஒரு பையுடன் எதிரே வந்து நின்று, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றான். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவன் குரலைக் கேட்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இதைப் போல ஒன்று இல்லாத குடும்பம் அரிது. திண்டுக்கல்லுக்கு அருகே சிற்றூர் ஒன்றில் எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. 2012இல் பாட்டனார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே தந்தையாருக்கும் சிற்றப்பாவுக்கும் வீட்டைப் பற்றிச் சொல் தடித்தது. தந்தையார் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து வாசற்கதவிலே போட்டுவிட்டு மைசூருக்கு வண்டியேறினார். நாங்கள் எல்லை தாண்டுமுன்பே சிற்றப்பா அதன் மேல் தம் பூட்டையும் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. ஒரு நாதாங்கி, இரண்டு பூட்டு. இருவரும் சேர்ந்தாலன்றிக் கதவு திறவாது. 2019இல் தந்தையாரும், 2021இல் சிற்றப்பாவும் மறைந்தனர். சிற்றப்பாவின் சாவுக்கு நாங்கள் போகவில்லை. ஊரடங்குக் காலம், அதுவே காரணம் என்று பிறரிடம் சொன்னோம், எங்களுக்குள்ளும் சொல்லிக்கொண்டோம்.

அன்னையார் அவனைக் கண்டதும் "வா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் காலைப் பொழுதில் ஒன்றும் பேசவில்லை. இட்டலி வைத்தார், அவன் உண்டான். வீட்டுக்குள்ளே மூச்சு முட்டுவது போல இருக்கவே, "வா தம்பி, ஊரைக் காட்டுகிறேன்" என்று அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நிலையத்துக்கு அருகே கிருஷ்ணராஜ சாகரம் சாலையில், உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு எதிரில் உள்ளது புகைவண்டி அருங்காட்சியகம். (இக்காலத்து வண்டிகளில் புகை ஏது? ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.) 1979இல் தொடங்கப்பெற்றது. 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியாரின் தனிப் பெட்டி, தண்டவாளத்தில் ஓடுமாறு சக்கரம் மாற்றிய ஆஸ்டின் மோட்டார் வண்டி முதலியவை அங்கு உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம். மகாராணியாரின் பெட்டியைச் சுற்றி வந்த என் தம்பி, மெத்தையையும் மரவேலையையும் விட்டுவிட்டுக் கதவுக் கைப்பிடிக்குக் கீழே இருந்த சாவித்துளையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் ஒருவர் ஐயத்தோடு எங்களை நெருங்கினார். நான் என் இலாகா அடையாள அட்டையைக் காட்டித் தப்ப நேர்ந்தது.

"உங்கள் வேலையில் பூட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். இருப்புப்பாதையே பூட்டினால் நடக்கிறது என்றேன். பார்சல் வண்டியின் கதவு, பணப்பெட்டி, சரக்குக் கொட்டகை இவையெல்லாம் எவரும் அறிந்தவை. அறியாதவை சில உண்டு. பாதை பிரியும் இடத்திலே நகரும் தண்டவாளம் இருக்கிறதல்லவா? பழுதுபார்க்கும் வேளையில் வண்டி அதன்மேல் போக வேண்டுமாயின், அது அசையாதபடி இரும்புப் பிடி ஒன்றை இறுக்கி, அதற்கும் ஒரு பூட்டுப் போட்டு, திறவுகோலை நிலைய அதிகாரி தம்மிடம் வைத்துக்கொள்வார். ஊருக்கு வெளியே சாலையை அடைக்கும் கேட்டும் அவ்வாறே. சைகையோடு இணைக்கப்பட்ட கேட்டாயின், அதை அடைத்துப் பூட்டினாலன்றி வண்டிக்குச் சைகை கொடுக்க இயலாது. பூட்டியது காவற்காரரின் கை. ஆனால் அவர் பூட்டினாரா இல்லையா என்பதை இயந்திரமே அறிந்துகொள்கிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது டோக்கன் கருவி. ஒற்றைப் பாதையிலே எதிரெதிராக இரண்டு வண்டி வந்துவிடலாகாது. அதற்காக அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி வைத்திருப்பார்கள். தென்னாட்டில் பல இடங்களில் அதனுள் இருந்தவை எஃகு உருண்டைகள். அவ்வுருண்டையை ஓட்டுநர் கையிற் பெற்றாலன்றி வண்டியை எடுக்கமாட்டார். இந்த நிலையத்தார் மட்டும் முயன்றால் உருண்டை வெளிவராது. அந்த நிலையத்தாரும் தம் பெட்டியின் பிடியைத் திருப்பி இசைவு தரவேண்டும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைப் பெட்டியிலோ புறப்பட்ட பெட்டியிலோ மீண்டும் போடப்படும் வரையில், இரண்டு பெட்டிகளும் பூட்டியே கிடக்கும். இதனை விளக்கிக்கொண்டு வந்தவன் பாதியிலே நிறுத்திவிட்டேன். இரு கை சேராவிடில் திறவாத பூட்டைப் பற்றி அவனிடம் நான் சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது. அவனோ, "அரசாங்கக் கருவூலத்திலும் இப்படித்தான் அண்ணே. இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஓர் அதிகாரியிடம், மறு சாவி வேறொருவரிடம். அதற்கான பூட்டு நாங்கள் செய்ததுண்டு" என்று இயல்பாகச் சொல்லிக்கொண்டு நடந்தான்.

அங்கிருந்து சீரங்கப்பட்டணம் போனோம். பெங்களூர் செல்லும் பயணிகள் வண்டியில் ஏறினால் சிறிது நேரத்தில் காவிரியைக் கடந்து கோட்டைக்குள்ளேயே இறங்கலாம். இந்தப் பாதையை இரட்டையாக்கிய காலத்தில் நடந்த ஒரு செய்தியை அன்பர்கள் சிலர் மறந்திருக்கலாம். புதிய தண்டவாளம் போகவேண்டிய இடத்தில் திப்பு சுல்தான் காலத்துப் படைக்கலக் கொட்டில் ஒன்று நின்றது. இடிக்க மனமில்லை, 2017 மார்ச்சில், சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு தூக்கி ஏறக்குறைய 130 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். அந்நாட்களில் பணி முடித்த கையோடு போய் அதைப் பார்த்து வந்தவர்களில் நானும் ஒருவன். தம்பிக்கு அதைக் காட்டியபோது, "வீட்டைக்கூட இப்படித் தூக்கி வந்துவிடலாம் போலிருக்கிறதே" என்றான். என்ன நினைத்துச் சொன்னானோ, தெரியாது.

திண்டுக்கல்லாருக்குச் சீரங்கப்பட்டணம் அயலூர் அன்று. ஐதர் அலி 1755இல் மைசூர் அரசின் சார்பிலே திண்டுக்கல்லின் படைத்தலைவராக அமர்ந்தார். பிரெஞ்சுக்காரர் துணையோடு அங்கே படைக்கலச்சாலை அமைத்தார். அவர் எழுச்சி அந்த மலைக்கோட்டையிலேதான் தொடங்கியது. பின்னர் 1792இல் இதே சீரங்கப்பட்டணத்தில் எழுதிய உடன்படிக்கையால் திப்பு திண்டுக்கல்லைக் கும்பினியாருக்குக் கொடுத்தார். திண்டுக்கல் பூட்டுத் தொழில் ஐதரின் படைக்கலச்சாலையிலிருந்து பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசை சான்றாகாது. அத்தொழில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது.

கோட்டையின் ஒரு பக்கத்தில், மதிலை ஒட்டித் தாழ்வான ஒரு நிலவறை இருக்கிறது. கர்னல் பெய்லி நிலவறை என்று பெயர். 1780 செப்டம்பரில் பொள்ளிலூர்ப் போரிலே பிடிபட்ட ஆங்கிலப் படைத்தலைவர் வில்லியம் பெய்லி, 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரால் வழங்கும் இவ்விடத்தில், சுவரிலிருந்து நீண்டு நிற்கும் கற்பலகைகளில் துளைகள் இருக்கின்றன. கைதிகளின் கைகளைச் சங்கிலியிட்டு அத்துளைகளிலே பிணைத்தார்கள் என்கிறார்கள். தம்பி ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தான். "இங்கே பூட்டே இல்லை அண்ணே, இருந்திருந்தால் இதன் வழியாகச் சங்கிலி போய் அந்தப் பக்கம் ஒரு பூட்டு தொங்கியிருக்கும்" என்று சொல்லி, அப்படித் தொங்கிய பூட்டு எத்தனை விரற்கடை இருந்திருக்கும் என்று கையால் அளந்து காட்டினான். வெளியிலே வெயில் காய்ந்தது. உள்ளே குளிர்ந்திருந்தது. அங்கிருந்த கல்லிலே உட்கார்ந்தபோதுதான் வந்த காரியத்தைச் சொன்னான்.

ஆடிக் காற்றிலே வீட்டின் நடுக்கூரை ஓடுகள் சரிந்துவிட்டன. முற்றத்துப் பக்கச் சுவரிலே நீர் இறங்குகிறது. ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஓடு மாற்றாவிட்டால் அச்சுவர் நிற்காது. உள்ளே பாட்டியின் குதிரும், மரப்பெட்டிகளும், படங்களும் அப்படியே இருக்கின்றன. கதவைத் திறந்தாக வேண்டும்.

"அதற்கு நீ இவ்வளவு தூரம் வரவேண்டுமா? நீ பூட்டுக்காரன். ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிட உனக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றேன்.

சிறிது நேரம் பேசாமலிருந்தான். "பெரியப்பா கடைத்தெருவில் வாங்கிப் போட்ட பூட்டு எங்கள் பட்டறையில் செய்தது அண்ணே. அப்பா அரத்தால் இழைத்த அடையாளம் அதில் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. லீவர் எத்தனை, எந்த உயரம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அரை நாழிகை ஆகாது" என்றான். பிறகு, "ஊரார் பார்க்கப் பெரியப்பா பூட்டை நான் திறந்தால் அது திருட்டு. பெரியம்மா சாவி கொடுத்தால் அது வீடு" என்றான்.

அவன் தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. திண்டுக்கல் நகரிலும், நாகல்நகர், நல்லாம்பட்டி முதலிய சுற்றுப்புறங்களிலும் கையாலேயே பூட்டுச் செய்யும் குடும்பங்கள் பலவாக இருந்தன. இப்போது அவை குறைந்துவிட்டன. மாங்காய்ப் பூட்டு என்பது அவர்களின் பெயர்பெற்ற படைப்பு. மாங்காய் வடிவில் கையடங்க இருக்கும். சதுரப் பூட்டு, மணி அடிக்கும் பூட்டு, கோயிற் கதவுக்கும் கிடங்குக்கும் ஆன பெரும் பூட்டு எனப் பல வகை உண்டு. சாவியைப் போட்டுத் திருகினாலும் மறைவான ஓர் இடத்தை அழுத்தினாலன்றித் திறவாத தந்திரப் பூட்டும் உண்டு. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "குறியீடு கிடைத்தது, வேலைக்கு வரும் பிள்ளைகள் கிடைக்கவில்லை" என்று தம்பி சொன்னான். அவன் பட்டறையில் வேலை செய்வோரிலே அவனே வயதிற் சிறியவனாம்.

பிற்பகல் மைசூருக்குத் திரும்பித் தேவராஜ சந்தைக்குப் போனோம். பூவும் வாழைப்பழமும் குங்குமக் குவியலும் தேடி நம்மவர் நாள்தோறும் போகும் இடமாதலால் அதை விரிக்க வேண்டுவதில்லை. 2016 ஆகஸ்டிலே அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது முதல், அக்கட்டடத்தைப் புதுக்குவதா, இடித்துக் கட்டுவதா என்ற வழக்கு நடந்து வந்தது அனைவரும் அறிந்ததே. தம்பி அங்குக் கண்டது வேறு. பழைய கடைகளில் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, குறுக்கே நீண்ட இரும்புப் பட்டை போட்டு, அதன் கோடியில் ஒரே ஒரு பூட்டுப் போடும் முறையைக் கண்டு மகிழ்ந்தான். பலகை பத்தானாலும் காவல் ஒன்று என்பது அவனுக்குப் பிடித்தது.

சந்தையை அடுத்த தெருவில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் பூட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எல்லாம் அலிகாரிலிருந்து வருபவை. உத்தரப் பிரதேசத்து அந்நகரமே பூட்டு நகரம் எனப் பெயர் பெற்றது. அங்கே இயந்திரங்கள் உருவாக்கும் பூட்டின் விலைக்குக் கைவேலையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தம்பி ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான்; சாவியைப் பாதி திருகி நிறுத்தினான். கடைக்காரர் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலறிந்தவன் கையை அவரும் அறிந்திருக்க வேண்டும்.

பூட்டினுள்ளே நடப்பது என்ன என்று அங்கேதான் எனக்குச் சொன்னான். உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். லீவர் என்று தொழிலாளர் சொல்வர். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டிலே ஓர் இடத்தில் வெட்டு உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு மட்டும் தூக்க வேண்டும். எல்லா வெட்டுகளும் ஒரு நேர்க்கோட்டில் வந்தால் தாழ் நழுவும்; ஒன்று ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் திறவாது, உயர்ந்தாலும் திறவாது. இந்த நுட்பம் 1778இல் இராபர்ட் பாரன் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றது. கையால் செய்யும்போது ஒவ்வொரு பூட்டின் வெட்டையும் தொழிலாளி தன் கண்ணளவாலேயே அரத்தால் இழைக்கிறான். ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராமைக்கு அதுவே காரணம்.

நான் படித்த ஒரு செய்தியை அவனுக்குச் சொன்னேன். இலண்டன் நகரில் பிராமா என்பவர் செய்த பூட்டு ஒன்று கடைச் சன்னலிலே வைக்கப்பட்டிருந்தது. அதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியிருந்தது. அறுபது ஆண்டுக்கு மேலாக எவராலும் முடியவில்லை. 1851ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சியின்போது ஆப்சு என்ற அமெரிக்கர் வந்து, பதினாறு நாட்களில் ஐம்பத்தொரு மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். இங்கிலாந்தே கலங்கிப் போயிற்று. தம்பி சிரித்தான். "பதினாறு நாள் ஒருவனைப் பூட்டுக்கு முன்னால் உட்கார விட்டார்களே, அவர்களைச் சொல்லவேண்டும்!" என்றான். பூட்டு என்பது திருடனை என்றென்றும் தடுப்பதற்கன்று, அக்கம்பக்கத்தார் எழுந்து வரும் வரையில் அவனைத் தாமதப்படுத்துவதற்கே என்பது அவர்கள் தொழிலில் எல்லாரும் அறிந்ததாம். பூரி செகந்நாதர் கோயில் பொன்னறையைப் பற்றியும் அவனே சொன்னான். 2018இல் உள்ளறைச் சாவி காணவில்லை என்று நாடெங்கும் பேச்சாயிற்று. 2024 சூலையில் மாற்றுச் சாவிகள் சேராமற் போகவே, அதிகாரிகள் முன்னிலையில் பூட்டுகளை அறுத்துத் திறந்தார்கள். "பூட்டை அறுப்பது எளிது. அறுத்தவர் யார், அறுக்கச் சொன்னவர் யார் என்று எழுதிக் கையொப்பம் இடுவதுதான் பெரிய வேலை" என்றான்.

கடைக்காரர் கன்னடத்திலே பேச, நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். கன்னடத்திலே பூட்டு 'பீக'. சாவிக்குப் 'பீகத கை' என்று பெயர். பூட்டின் கை என்பது பொருள். தெலுங்கரோ சாவியைத் 'தாளம் செவி' என்கிறார்கள். அவர்களுக்கு அது பூட்டின் காது. மலையாளத்துத் 'தாக்கோல்' நம் பழைய தாழ்க்கோலே. நாம் அன்றாடம் வழங்கும் சாவியோ போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல்; கடலோரத்தில் இறங்கியவர்கள் திறவுகோலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் போலும்! தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. இன்னொன்றையும் சொன்னேன். கன்னடத்தில் சம்பந்திகளைப் 'பீகரு' என்பார்கள். பீகவும் பீகருவும் ஒரு வேரா என்று மொழியறிந்தவர்தாம் சொல்லவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஒருவருக்கொருவர் பூட்டிக்கொண்டவர்கள் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

நம் மொழியிலே அந்தச் சிரிப்புக்கு இடமே உண்டு. பூட்டுதல் என்றால் அடைத்தல் என்பது பிற்காலத்தில் முன்னுக்கு வந்த பொருள். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், தாலி பூட்டுகிறோம். எல்லாவற்றிலும் இரண்டைச் சேர்ப்பதே பூட்டு. பள்ளியிலே நன்னூலில் எட்டு வகைப் பொருள்கோள் படித்தோமே, அவற்றுள் பூட்டுவில் பொருள்கோள் ஒன்று. செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் நாணேற்றிய வில்லின் இரு முனை போலச் சேர்ந்து பொருள் தருவது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு இலக்கணத்தில் நினைவிருப்பவை சில. அவற்றுள் இது ஒன்று. மேல்நாட்டுக் காதலர் பாலங்களிலே பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஆற்றில் எறிகிறார்களாமே, அதுவும் இந்தப் பொருளிலேதான். பாரிசு நகரத்து ஆர்ட்சு பாலத்திலே அவ்வாறு சேர்ந்த பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014இல் தடுப்பின் ஒரு பகுதி சரிந்தது. 2015 சூனிலே சுமார் நாற்பத்தைந்து டன் பூட்டுகளை அகற்றினார்கள். இதைக் கேட்டுத் தம்பி, "சாவியை எறிவானேன்? பூட்டு நல்லதாயிருந்தால் வேறொரு வேலைக்கு ஆகுமே" என்றான். தொழிலாளியின் கணக்கு அப்படி.

அந்தி வேளையில் அரண்மனையை வெளியே நின்று பார்த்தோம். 1897இல் மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையானபின், ஆங்கிலச் சிற்பி இர்வின் வகுத்த படி 1912இல் கட்டி முடிந்தது இது. உள்ளே போக நேரமாகிவிட்டது. தசராவின்போது கொலுவீற்றிருக்கும் பொன் அரியணை ஆண்டு முழுதும் அங்கே நிற்பதில்லை என்று அவனுக்குச் சொன்னேன். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காவலறையிலே பூட்டி வைத்திருப்பார்கள். நவராத்திரிக்கு முன் வெளியே எடுத்துப் பூட்டுவார்கள். பூட்டியிருந்ததை எடுத்துப் பூட்டுவார்கள் என்று சொல்லும்போது நானே சொல்லின் இரட்டைப் பொருளைக் கேட்டு நின்றேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். அன்னையார் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். அது அவனுக்குப் பிடிக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. உண்டு முடிக்கும் வரையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவன் கை கழுவிவிட்டு வந்து, தரையிலே உட்கார்ந்து, ஓடு சரிந்ததையும் சுவர் நனைவதையும் சொன்னான். சாவி வேண்டும் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அன்னையார் கேட்டார்: "நடு உத்தரம் என்ன ஆயிற்று?"

"கரையான் ஏறியிருக்கிறது பெரியம்மா. வெளியிலிருந்து பார்த்தது. உள்ளே எப்படியோ!"

"உன் பெரியப்பா அந்த உத்தரத்தில்தான் உங்கள் இருவருக்கும் ஊஞ்சல் கட்டினார்."

பின் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நாங்கள் எதிர்பார்த்தது போலச் சாவி அங்கே இல்லை. அரிசிப் பானையிலும் இல்லை. பூசையறை மாடத்திலும் இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னால், அதை அவன் நம்பினாலும் அவன் ஊர் நம்புமா? கால் மணி நேரம் தேடினோம். தந்தையாரின் பழைய பணிச் சட்டைப் பைகளைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் அன்னையார் சட்டென்று நின்று, தம் தையற்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நூற்கண்டுகளுக்கு அடியிலே, தந்தையாரின் ஓய்வூதியப் புத்தகத்துக்குப் பழைய உறையாக இருந்த துணியிலே முடிந்து கிடந்தது, துரு ஏறிய சாவி.

தம்பி அதை வாங்கி விளக்கடியில் பார்த்தான். பற்களை விரல்நுனியால் தடவினான். "கொஞ்சம் எண்ணெய் போட்டால் போதும், திரும்பும்" என்றான். பிறகு தன் பையைத் திறந்து சிறு பொட்டலம் ஒன்றை எடுத்து அன்னையார் முன்னே வைத்தான். அது அவர்கள் பூட்டின் சாவி. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அவன் வைத்துக்கொண்டு மற்றொன்றை, கொடுப்பதற்கென்றே, கொண்டுவந்திருக்கிறான். அன்னையார் சாவி தராமலிருந்தாலும் அதைத் தந்துவிட்டே போயிருப்பானா என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

"சுவரை முதலில் பார். ஓட்டுக்கு ஆகும் பணத்தில் பாதி அண்ணன் அனுப்புவான்" என்றார் அன்னையார். என்னைக் கேட்காமலே சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் மாலை வண்டியிலே அவன் புறப்பட்டான். இரு வாரம் கழித்து நடுக்கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று என்று செய்தி வந்தது; உத்தரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு நேரில் வந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தான். தீபாவளிக்குப் போகலாம் என்று அன்னையார் உடனே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். நானோ இருப்புப்பாதையில் வேலை செய்கிறேன் என்ற பெயர். எங்கள் மூவருக்கும் காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்றுதான் இடம் கிடைத்தது.